ஆஷ்லின் ஏரி, 41-ஆம் இடம்

நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரை போடுவதில்லை. பதினாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். கண்ணும் காதும் சரியாக இருப்பதாக ஒவ்வொரு வருடமும் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்விகள் இவைதான்.

போன பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கில் எங்கள் ஊர் முழுக்கப் பனி. காலை ட்ரிப்பை முடித்துவிட்டு வந்து, சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். ஜூலையில் என் மாமியாருக்கு எழுபது வயது. ஆஷ்லின் ஏரிக்கரையில் இருக்கும் மாநிலப் பூங்காவில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. தண்ணீரை ஒட்டிய இடங்களைப் பனிக்காலத்திலேயே பிடித்துவிடுவார்கள். பிந்தினால் கிடைக்காது.

என் கணவர் ஆர்லோவின் அண்ணன் கர்ட்டிஸ் மட்டும் அந்த ஏரி என்றாலே ஏதாவது சாக்குச் சொல்வார். முந்தின ஞாயிறு சாப்பிடும்போதுகூட ஆர்லோ அவரைச் சீண்டினார்.

"இந்த வருஷம் என்ன, முதுகு வலியா, முழங்காலா? இப்பவே சொல்லிடு. அம்மாகிட்ட நானே சொல்லிடுறேன்."

"எனக்கு அந்த ஏரி பிடிக்கல. விடுடா," என்றார் கர்ட்டிஸ். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதனால் மாமியார், நாங்கள் இருவர், எங்கள் இரண்டு பெண்கள்... ஐந்து பேர்தான்.

மணி 10:14. பூங்காவின் இணையதள வரைபடத்தில் 41-ஆம் இடம் பச்சையாக, அதாவது காலியாக இருந்தது. அழுத்தினேன். ஐந்து பெயர்களையும் அடித்து முடித்தேன். கீழே ஆறாவதாக ஒரு பெயர் இருந்தது.

கர்ட்டிஸ்.

நான் அடிக்கவில்லை. அழித்தேன். திரை ஒருமுறை மின்னியது. மறுபடியும் கர்ட்டிஸ்.

இணையதளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மணி 10:22. இரண்டாவது ரிங்கிலேயே ஒரு பெண் எடுத்தாள். சின்னப் பெண்ணின் குரல்.

"ஆஷ்லின் ஏரி. சொல்லுங்க."

"நாப்பத்தொண்ணாம் இடம். பேரு ஒண்ணு கூடுதலா விழுந்திருக்கு. நாங்க அஞ்சு பேருதான்."

"ஆறு."

"இல்லம்மா. அவரு வரல."

"வருவான்."

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் கேட்ட சத்தம் எனக்கு உறைத்தது. சளப்... சளப்... கரையில் அலை மோதும் சத்தம். பிப்ரவரியில். அந்த ஏரி டிசம்பரிலேயே உறைந்து, மேலே லாரி ஓட்டும் அளவுக்குக் கெட்டியாகக் கிடந்தது.

"அவன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. ஊருக்கு வழி சொல்வதைப் போலச் சொன்னாள். "நான் கையைத் தூக்கினேன். அவன் பாத்தான். இந்தத் தடவை நிக்கச் சொல்லுங்க."

இணைப்பு அறுந்துவிட்டது.

சாயங்காலம் 4:50-க்குக் கர்ட்டிஸ் பனி அள்ளும் மண்வெட்டியைத் திருப்பித் தர வந்தார். நான் அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, நடீன். மோட்டார் படகு. நான் மட்டும்தான் இருந்தேன். தண்ணியில ஒரு தலை தெரிஞ்சுது. திருப்பறதுக்குள்ள இடிச்சிடுச்சு."

"நின்னீங்களா?"

"குடிச்சிருந்தேன்."

"நின்னீங்களான்னு கேட்டேன்."

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"நாளைக்கே போலீஸுக்கு, ஷெரிஃப்கிட்ட போய்ச் சொல்லுங்க. நானும் கூட வரேன்."

"இப்ப சொல்லி யாருக்கு என்ன? உடம்பு கிடைக்கவே இல்ல. அந்தப் பொண்ணு மூழ்கிட்டான்னு எழுதி மூடிட்டாங்க. நீ முதல்ல அந்த புக்கிங்க ரத்து பண்ணு."

பண்ணினேன். ரத்தாகிவிட்டது என்று வந்தது. 4:58. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 4:59-க்கு இன்னொரு மின்னஞ்சல்.

இடம் உறுதி.

தேதி மாறியிருந்தது. ஜூலை பதினெட்டு இல்லை. பிப்ரவரி பதிமூன்று. வருகிற வியாழன்.

வருவோர்: ஒருவர்.

புதன்கிழமை முழுக்கக் கர்ட்டிஸின் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். எடுத்தால் பேச்சு இல்லை. சளப்... சளப்... அவ்வளவுதான்.

வியாழன் மதியம் 3:40. என்னைக் கூப்பிட்டார்.

"நேர்ல போய் ரத்து பண்ணிட்டு வரேன். அங்க யாருதான் உக்காந்திருக்கான்னு பாத்துடுறேன்."

"தனியாவா? ஆர்லோவையாவது கூட்டிட்டுப் போங்க."

"ஒரு போன் குரலுக்கு ஆள் சேத்துக்கிட்டா போவாங்க?"

சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால்...

சளப்.

"கர்ட்டிஸ், எங்க இருக்கீங்க?"

"வண்டியிலதான். ரோட்டுல."

சளப்... சளப்...

தூரத்தில் ஒரு மோட்டார் சத்தம். மெல்ல நெருங்கியது.

"நடீன்... இங்க என்ன..."

மோட்டார்.

நிற்கவில்லை.

3:44-க்கு இணைப்பு அறுந்தது.

அவருடைய பிக்கப் டிரக் 41-ஆம் இடத்தில் நின்றது. கதவு திறந்திருந்தது. இருக்கையில் போன். பனியில் காலடித் தடம் ஏரிக்குள் கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்படியே முடிந்துவிட்டது. திரும்பிய தடம் இல்லை. ஐஸில் ஓட்டை இல்லை, விரிசல்கூட இல்லை. ஷெரிஃபின் ஆட்கள் நான்கு நாள் தேடினார்கள்.

நான் ஷெரிஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கர்ட்டிஸ் படகால் இடித்ததை எழுதிக்கொண்டார். போனில் வந்த குரலைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

பூங்கா அலுவலகம் நவம்பரில் பூட்டினால் மே மாதம்தான் திறக்குமாம். போன் இணைப்பையும் எடுத்துவிடுவார்களாம். மூழ்கிப்போன பெண்ணின் பெயர் கோரா லிண்டல், வயது பத்தொன்பது. கோடையில் அந்த அலுவலகத்தில் புக்கிங் எடுத்துக்கொண்டிருந்தவள். வேலை முடிந்ததும் நீந்தப் போவது அவள் வழக்கம். இதைச் சொன்ன வனக்காவலர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஐஸ் உடைந்தது. கர்ட்டிஸ் 41-ஆம் இடத்துக்கு எதிரே, கரையோரம் ஒதுங்கிக் கிடந்தார். மாமியாரைப் பார்க்க விடவில்லை. ஆர்லோதான் அடையாளம் சொன்னார். 

பிரேதப் பரிசோதனை அறிக்கையை நான் படித்தேன். முதுகில் ஆழமான வெட்டுகள், மூன்று. சம இடைவெளி. உயிரோடு இருக்கும்போதே விழுந்தவை. மோட்டார் படகின் சுழல் இறக்கை வெட்டியது என்று எழுதியிருந்தது.

அந்த ஏரியில் கடைசியாகப் படகு இறங்கியது அக்டோபரில்.