கறுப்புக் கரையிட்ட பொங்கல் வாழ்த்து

மண்டித் தெருவில் ஒருவன் சாக்கின் மேல் எழுத்து வெட்டிய தகரத்தை வைத்துக் கறுப்பு மையை அப்பிக்கொண்டிருந்தான். விளக்குக்கரியும் எண்ணெயும் சேர்ந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. நான் எங்கும் நிற்பவள் இல்லை. ஊர் மாறி, வீடு மாறி, ஓட்டமாகவே பாதி வயதைக் கடந்தவள். ஆனாலும் அந்த நெடி என்னைப் பிடரியில் பிடித்துச் சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துப் போய்விடும்.

தோட்டக் கூலிகளுக்கான வரிசை வீடுகளை லயம் என்போம். லயத்தில் எங்கள் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கத்து இருமலும் அழுகையும் எங்கள் சோற்றில் வந்து விழும். அங்கே இருந்தவள் என் வயதுக்காரி. அந்த மழைக்காலத்தில் அவளுடைய தம்பி காய்ச்சலில் போய்விட்டான். தொட்டிலிலிருந்து இறங்காத பிள்ளை. குழியை மூடிய கையோடு அவள் அம்மா துணிமணியைச் சேலையில் முடிந்துகொண்டு போடிப் பக்கம் தன் பிறந்த ஊருக்குக் கிளம்பினாள்.

“எம் புள்ளய முழுங்குன மலை. இனி இங்க ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்.”

“போறவ போ,” என்றார் அவள் அப்பா, வாசலை அடைத்து நின்றபடி. “மகளத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்.”

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. அம்மா பொங்கலுக்கு வர வேண்டும். தேயிலைக் கொழுந்தைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வாள், மேகத்தைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வெள்ளைக்காரத் துரையின் மனைவி, எங்கள் தொரசானி, லயத்துப் பிள்ளைகளைப் பங்களா வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அவளிடம் கெட்டியான வெள்ளைத்தாள் மீந்திருந்தது. உங்கள் பண்டிகைக்கு நீங்களே வாழ்த்து அட்டை செய்யுங்கள், நான் தபாலில் போடுகிறேன் என்று சமையல்காரரை விட்டுச் சொன்னாள். தாளை இரண்டாக மடித்தோம். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை நட்சத்திரமாக வெட்டிச் சோற்றுக் கஞ்சியால் ஒட்டினோம். தனக்கு வந்த அட்டைகளைத் தொரசானி தூக்கிக் காட்டினாள். எல்லாவற்றிலும் சுற்றிலும் கரை. “கோடு போடு, கோடு போடு,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சிரித்தாள்.

சிவப்பும் பச்சையுமாக இரண்டே பென்சில். அடுத்த அறைக்காரியின் முறை வருவதற்குள் இரண்டும் விரல் நகமளவு ஆகிவிட்டன. கரையில்லாத அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு ஓடினாள். அவள் அப்பா அங்கே பெட்டிக்கு ஆணியடித்து மேலே தகரத்தை வைத்துக் கறுப்பு மையில் தோட்டத்துப் பெயரைப் பதிப்பவர். அவர் பீடி குடிக்க வெளியே போயிருந்தார். மை டப்பாவில் தூரிகையை முக்கி நாலு பக்கமும் இழுத்தாள். மூலைகளில், அழகுக்காக, இன்னும் கொஞ்சம் அப்பினாள்.

“நல்லாருக்கா?”

“பங்களாக் கண்ணாடிக்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்குடி.”

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. எங்கள் லயத்துக்குக் கடிதம் வந்து நாங்கள் பார்த்ததில்லை. சாவுச் சேதி எங்களுக்கு ஆள் வழியாக, மூச்சிரைக்க, மலையேறித்தான் வரும்.

உள்ளே ‘அம்மா பொங்கலுக்கு வா’ என்று எழுதினாள். தொரசானி கறுப்பைப் பார்த்துப் புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள். பிறகு அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு உறையில் போட்டு ஒட்டினாள். ஒட்டிய உறையின் மேல்தான் கணக்கப்பிள்ளை விலாசம் எழுதினார், உள்ளே இருந்ததை அவர் பார்க்கவில்லை.

பொங்கலன்று பனி விலகவில்லை. லயத்து வாசல் நெடுக அடுப்புகள். பால் விளிம்புக்கு வந்துவிட்டது, நாங்கள் கூவுவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தோம். அப்போதுதான் கீழ் வளைவிலிருந்து ஒப்பாரி ஏறி வந்தது. தலைவிரி கோலமாக, மாரில் அடித்துக்கொண்டு ஒரு பெண். யார் செத்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. பனிக்குள்ளிருந்து முகம் தெரிந்தபோது பார்த்தால், என் தோழியின் அம்மா.

மகளைப் பார்த்ததும் அழுகை அறுந்தது. இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தடவினாள். “இருக்கியா? இருக்கியா, தாயி?”

பிறகு வாசலைப் பார்த்தாள். “அப்ப… அவுகளா?” என்று மறுபடி மாரில் அடித்தபடி நிலைப்படியில் சாய்ந்தாள். அவள் புருஷன் கரும்பைக் கடித்துக்கொண்டே உள்ளிருந்து வந்தார்.

“ஆருடி செத்தா? வந்ததும் வராததுமா என்னயப் பாடையில ஏத்துற?”

ஒருத்தி சிரித்துவிட்டாள். யாரும் கவனிக்காத பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

“காயிதம் வந்துச்சு,” என்றாள் அம்மா. “நாலு மூலையும் கறுப்பு. கறுப்பு தடவுன காயிதத்த வீட்டுக்குள்ள கொண்டுபோவாகளா? வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டு ஓடியாந்தேன்.”

“அது வாழ்த்தும்மா. நட்சத்திரம் ஒட்டியிருந்தேனே, பாக்கலையா?”

“பாக்கல, சாமி.”

என் அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நல்ல சேதின்னா மஞ்ச தடவணும் புள்ள. கறுப்பு, செத்தவுகளுக்கு.” என் தோழி தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் மை இருந்தது.

“பால் பொங்குற நேரத்துல ஒப்பாரியோட வந்தவ என் வாசல்ல நிக்கக் கூடாது,” என்றார் அவள் அப்பா. லயத்துப் பெண்கள் அணைந்த அடுப்புகளை மறுபடி மூட்டினார்கள்.

என் அம்மா கொடுத்த பொங்கலை அவள் அம்மா தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. போனபோது சொன்னதைக் காப்பாற்றினாள். பாதையோரத்துப் பாறையில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்து, இறுக்கிச் சடை பின்னினாள். மேட்டில் நின்று அவள் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். உச்சிப்பொழுது சாய்ந்ததும் அவள் அம்மா எழுந்தாள். நாங்கள் இருவரும் வளைவு வரைக்கும் போனோம். என்னையும் கூட்டிப்போ என்று மகள் கேட்கவில்லை. மேட்டைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“சளி புடிக்காமப் பாத்துக்க. ஈரத்துல நிக்காத,” என்றாள் அம்மா.

அவள் தலையாட்டினாள். எதையோ கணக்குப் போடுகிற முகம். கோபமில்லை, அழுகையில்லை. அம்மா இறக்கத்தில் முதல் அடியை வைத்தபோதுதான் கேட்டாள்.

“அம்மா, அடுத்த பொங்கலுக்கும் கறுப்புதான் தடவட்டா?”