ஆற்றை விசாரிப்பவள்

தெரணியகலையிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் காலை பஸ் ரப்பர் தோட்டத்து முச்சந்தியில் நிற்கிறது. கைகாட்டி நிறுத்திய அழகம்மா ஏறவில்லை. முன்பக்கமாக நடந்துபோய், டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறாள்.

"அண்ணே, மேல எப்புடி?"

மேலே என்றால் தெரணியகலை மலைப்பக்கம். அங்கே பெய்வதுதான் இங்கே ஆறாக வரும். டிரைவர் ஸம்சுதீன் பல வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்.

"தூறல்தான் தங்கச்சி. தண்ணி தெளிஞ்சி கெடக்கு."

"ஹரி, போங்க."

சிங்களத்தில் சரி சொல்லி, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி அவளே அனுப்பிவைக்கிறாள். வேலைக்குப் போகிறவர்கள் உள்ளே முணுமுணுக்கிறார்கள். புதிதாக வந்த கண்டக்டர் பையன்கள்தான் முதல் வாரம் சண்டை போடுவார்கள். இரண்டாம் வாரம் அவர்களே இவளைப் பார்த்ததும் மணியடித்து நிறுத்துகிறார்கள்.

இப்போது ஸம்சுதீனிடம் கைப்பேசி இருக்கிறது. அழகம்மாவின் வீட்டிலும் மகன் கொழும்பிலிருந்து வாங்கிக்கொடுத்தது ஒன்று இருக்கிறது. பேசாமல் போனில் கேட்கலாமே என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "போன்ல என்னாங்க தெரியும்? 'ஒண்ணுமில்ல'ம்பாரு. டிரைவர் மொகத்தப் பாத்தாத்தான் ஆறு எப்புடின்னு தெரியும்."

ஐம்பதைத் தாண்டியவள். அகன்ற தோள், பால் வாளி சுமந்து சுமந்து உரமேறிய கழுத்து. விடிந்ததும் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகிறவள், மழை நாளில் வெட்டு கிடையாது என்பதால், மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுக்கும் நேரத்தில்தான் அதிகம் ஓடியாடுவாள். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி ஓடும் கழிவுநீர்க் கானில் எங்கே இலை அடைத்திருக்கிறது, எந்த வீட்டுக் காம்பராவின் கூரைத் தகரம் ஆணி கழன்று படபடக்கிறது, பீலியில் யார் முறை தவறித் தண்ணீர் பிடித்தார்கள் என்று வாசல் வாசலாகப் போய்ச் சத்தம் போடுவாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. "யாருக்கும் சொல்லிப்புடாதீங்க" என்று அவள் ஆரம்பித்தால் மேல் லயத்துக்காரர்களும் அடுப்பைவிட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அவள் கணவன் ஏழுமலை ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். "தோட்டத்துக்கு ஒரு தொரை. கீழ் லயத்துக்கு ஒரு தொரசாணி. எனக்கு ரெண்டு பேரும் மேலதிகாரி" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

யாரும் அவளுக்கு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளம் வந்தது. கீழே இருக்கிற கிராமத்தில் பௌத்த விகாரையான பன்சலையின் ஒலிபெருக்கியில் முன்கூட்டியே அறிவித்தார்கள். கிராம சேவகர் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது, ஆபிஸ் சொல்லிக்கொள்ளும் என்று அவர் நினைத்தார். வெள்ளம் கிராம சேவகர் விஷயம், அவர் சொல்லிக்கொள்வார் என்று ஆபிஸ் நினைத்தது. கதவுக்கடியில் தண்ணீர் நுழைந்தபோதுதான் கீழ் லயத்துக்கு வெள்ளம் தெரிந்தது. கைக்குழந்தைகளோடு பரண்போன்ற அட்டலில் ஏறி, கூரைத் தகரத்தில் தலை இடிக்க, ஒரு பகல் முழுக்கக் குந்தியிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும், சேறு காயாத சேலையோடு அழகம்மா நேராகக் கிராம சேவகர் அலுவலகத்துக்குப் போனாள். "அபி மொன கமேத மாத்தயா?" என்று கேட்டாள். நாங்கள் எந்த ஊர் ஆட்கள் ஐயா என்று அர்த்தம். சண்டைக்குப் போனவள்தான், ஆனால் கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதர் எழுந்துபோய் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவருடைய சைக்கிள் லயத்து வாசலிலும் நிற்க ஆரம்பித்தது. அழகம்மா அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. பஸ்களை நிறுத்தத் தொடங்கியதும் அப்போதுதான்.

அவள் நிறுத்திய பஸ்ஸால் ஒருமுறை ஒரு குடி கெட்டுப்போகப் பார்த்தது.

பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் பூவாயி. இருவருக்கும் நடுவே ஒற்றைச் சுவர். ஒருத்தி இருமினால் மற்றவள் மல்லித் தண்ணீர் வைப்பாள். பூவாயி விதவை. மலைச்சரிவில் பால் வெட்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பு போனபின் மலைக்குப் போக முடியாதவள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மகள் வாங்கித்தந்த கை மெஷினில் லயத்துப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்கு ஸ்கூல் கவுனும் தைத்து ஜீவனம் நடத்தினாள். ராத்திரி மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்று அழகம்மா சொல்லுவாள்.

ஒரு வைகாசியில் ஸம்சுதீன், "தங்கச்சி, மேல தண்ணி பாரம்" என்றார். அழகம்மா எல்லோரையும் மேட்டிலுள்ள புள்ளைக்காம்பராவுக்கு ஏற்றினாள். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த ஒற்றைக் கட்டடந்தான் தோட்டத்தில் உயரமானது. ஏறியதும் மழை விட்டது. ஆறு கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர்களில் பூவாயிதான் கடைசி. நொண்டி நொண்டி வந்து பார்த்தால் அவள் கதவின் பூட்டு உடைந்து தொங்குகிறது. மெஷினைக் காணோம்.

அவள் அழவில்லை. மெஷின் இருந்த பலகையில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "ஆறு கொண்டுபோயிருந்தா ஆத்தத் திட்டுவேன். இப்ப நான் யாரத் திட்டுறது?"

அழகம்மா பொலிசுக்குப் போனாள், கடைகடையாக விசாரித்தாள், சந்தேகப்பட்ட இரண்டு வாலிபர்களின் வாசலில் நின்று ஏசிவிட்டும் வந்தாள். மெஷின் கிடைக்கவில்லை. பூவாயி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பீலியில் எதிர்ப்பட்டால் குடத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மாதங்கள் கழித்து மகள் இன்னொரு மெஷினுக்கு வழி செய்தாள். மறுபடியும் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டது. அன்று அழகம்மா விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாகவே படுத்திருந்தாள். "தூங்கு புள்ள" என்றார் ஏழுமலை. "ம்" என்றாள். தூங்கவில்லை.

லயமும் அவளைக் கேலி செய்யத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, "வெள்ளம் வருது, ஏறுங்க, ஏறுங்க!" என்று அவள் குரலில் கத்தினார்கள். அவள் பஸ்ஸை நிறுத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் கேட்டுவிட்டுத் திரும்பும்போது நடை முன்போல இல்லை.

அடுத்த வருஷம் புத்தரின் வெசாக் பண்டிகை முடிந்த கையோடு மழை பிடித்தது. கிராமத்து வீடுகளில் கட்டிய காகித விளக்குக் கூடுகள் ஊறிப்போய் வெறும் மூங்கில் குச்சிகளாகத் தொங்கின. ஒரு காலை அழகம்மா முச்சந்தியில் காத்திருந்தாள். ஸம்சுதீனின் பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸும் வரவில்லை. மேலேயிருந்து ஒரு சைக்கிள்கூட இறங்கவில்லை. பாதை ஈரமாக வெறிச்சென்று கிடந்தது. கேட்பதற்கு முகமே இல்லாத அந்த ரோட்டைப் பார்த்ததும், மேலே வெள்ளம் பாதையை மூடிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்துக்கு ஓடினாள்.

"ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க! பஸ்ஸே வரல!"

"போன வருசமும் இதே பாட்டுத்தானே அழகம்மா?" என்று யாரோ உள்ளேயிருந்து சொன்னார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சிரிங்க. திட்டுங்க. எல்லாத்தையும் மேல போயித் திட்டுங்க. நான் ஒக்காந்து கேட்டுக்கிறேன்."

அவள் குரலில் இருந்த எதுவோ அவர்களை எழுப்பியது. இந்த முறை ஏழுமலையும் நாலைந்து ஆண்களும் பூட்டிய கதவுகள் தெரிகிற மாதிரி மேட்டு விளிம்பில் காவல் நின்றார்கள். கிழவர்களை முதுகில் சுமந்தார்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கட்டிய பொலித்தீன் பொதிகள் மார்போடு ஏறின. லயம் காலியானது. ஒரே ஒரு கதவு மட்டும் திறந்து கிடந்தது.

பூவாயி மெஷினுக்குப் பக்கத்தில், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மூட்டை கதவடியில் இருந்தது, கட்டியிருந்தாள், தூக்கவில்லை. அழகம்மா வாசற்படியில் நின்றாள். ஒரு வருஷமாக மிதிக்காத படி. ஊரெல்லாம் கேட்கும் அந்தக் குரல் இப்போது வரவில்லை. கானில் தண்ணீர் நிரம்பி முற்றத்தில் பரவுவது காலில் தெரிந்தது.

உள்ளே போனாள். கொடியில் கிடந்த துண்டை உருட்டித் தலையில் வைத்தாள். மெஷினைப் பலகையோடு தூக்கித் துண்டின்மேல் ஏற்றிக்கொண்டாள். பூவாயியின் மூட்டையை மறுகையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி நடந்தாள்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு அலறல்.

"அடியே! எறக்குடி! நனையுதுடி மெஷினு!"

அழகம்மா திரும்பவில்லை.

"கள்ளி! போன வருசம் பறிகொடுத்தது பத்தலையா? ஒன் கைக்கு இதுவும் வேணுமா?"

சுவரைப் பிடித்துப் பிடித்துப் பூவாயி வெளியே வந்துவிட்டாள். ஏசிக்கொண்டே படியேறினாள். ஒரு வருஷமாகப் பேசாத பேச்செல்லாம் ஏச்சாக வந்துகொண்டிருந்தது. அழகம்மாவின் வம்சம், மாமியார், குரல், பஸ் எதையும் விடவில்லை. முன்னால் போகிறவளுக்குக் கழுத்து நெரிந்தது. ஓடியிருந்தால் சீக்கிரம் இறக்கிவைத்திருக்கலாம். ஆனால் பின்னால் வருகிற காலின் இழுபடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அதற்குத் தக்கபடிதான் அடியெடுத்து வைத்தாள். ஏச்சு நின்றால் அவளும் நின்றாள். மூச்சு வாங்கி மறுபடி ஏச்சு தொடங்கியதும் நடந்தாள்.

புள்ளைக்காம்பரா வாசலில் மெஷினை இறக்கிவைத்துத் திரும்பிப் பார்த்தபோது ஆறு லயத்துக்கு வந்துவிட்டிருந்தது. காவல் நின்ற ஆண்கள் பின்வாங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். முற்றங்கள் போயின, படிகள் போயின. பழுப்புத் தண்ணீர் ஜன்னல்வரை ஏறி, பூவாயியின் திறந்த கதவு வழியாக உள்ளே போய் வெளியே வந்தது. கேலி பேசியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை ஒன்று அழுதது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு அழகம்மாவின் பக்கத்தில் வந்து, சும்மா, ஒட்டி நின்றாள்.

சாயந்தரத்துக்குள் அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. தொட்டில் கட்டும் கொக்கிகளில் ஈரத்துணிகளைத் தொங்கவிடச் சொன்னாள். பன்சலையிலிருந்து பிக்கு ஹாமுதுரு அனுப்பிய சோற்றுப் பொதிகளைப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கச் சொன்னாள். அவள் நடந்த இடமெல்லாம் சிமெந்துத் தரையில் தண்ணீர் கோடாகச் சொட்டியது.

மூலையில் உட்கார்ந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த பூவாயி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் மூட்ட எங்க?"

அழகம்மா நின்றாள். கீழே, ஆற்றுப் பக்கம் பார்த்தாள். லயத்துக்கே மூட்டை கட்டச் சொன்னவளுடைய மூட்டை, கட்டியபடியே அவள் கதவுக்குப் பின்னால் இருந்தது.

"கெடக்குது, போ" என்றாள்.

பூவாயி தன் மூட்டையை அவிழ்த்து ஒரு பாவாடை, சேலை, ரவிக்கை எடுத்துப் போட்டாள். பெண்கள் இரண்டுபேர் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். பூவாயியின் ரவிக்கை அழகம்மாவுக்கு எங்கே ஏறும்? கை நுழைந்தது, தோளில் நின்றுவிட்டது. மறைப்புக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். அழகம்மாவும் சிரித்துவிட்டுக் கழற்றப் போனாள்.

"இரு, அக்கா. கழட்டாத. கிட்ட வா."

பூவாயி தன் ரவிக்கை ஓரத்தில் குத்தியிருந்த ஊசியை உருவி, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே மடித்துவைத்திருந்த துணியை வெளியே எடுத்துவிட்டாள். இடுப்பு வலிக்க முழந்தாளிட்டுக்கொண்டு, அழகம்மாவின் உடம்பிலேயே வைத்துப் புதிதாகத் தைக்கத் தொடங்கினாள்.

"கையத் தூக்கு. அசையாம நில்லு, குத்திப்புடும்."

அழகம்மா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். பூவாயி கடைசி முடிச்சைப் போட்டாள். கத்தரிக்கோல் எங்கே என்று தேடவில்லை. முகத்தை அவள் விலாவோடு ஒட்டவைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.