ஆற்றடியில் மூச்சு விட ஒரு முகமூடி

என் வீட்டுக்காரர் தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டர். எந்த மெஷின் படுத்தாலும் அவர் போய் நாலு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்ளும். வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் ஆறு மாதம் ஆகும். அப்படிப்பட்ட மனிதர் தொண்ணூறுகளின் நடுவில், வேலை விட்டு வந்த பொழுதெல்லாம் எங்கள் ஒற்றை அறை வீடான லயத்துக் காம்பராவில் குந்திக்கொண்டு, ஒன்றரை வருடமாக ஒரே பொருளைச் செய்தார். தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டே மூச்சு விடுவதற்கான முகமூடி அது.

காரணம் அவருடைய தம்பி. என் கொழுந்தன் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியமாட்டேன் என்று அடம்பிடித்து, கஹவத்தைப் பக்கம் ஆற்றில் மாணிக்கக் கல் தேடும் ஆட்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் அடிக்குப் போய், கூடையில் சரளை அள்ளி வருவது அவன் வேலை. ஒரு நாள் அடியில் கிடந்த மரத்தில் கால் மாட்டிக்கொண்டது. அவன் நல்ல மூச்சுக்காரன், எப்படியும் வந்துவிடுவான் என்று மேலே நின்றவர்கள் காத்திருந்தார்களாம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே "அண்ணி, சோறு!" என்று கத்துவான். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

முகமூடியை ரப்பர் பாலை அச்சில் ஊற்றி எடுத்தார். முன்பக்கம் கண்ணாடி. அதிலிருந்து நீளமான குழாய் ஒன்று மேலே வரும். மேலே லொறி டியூப் இரண்டைக் கட்டி மிதக்கவிட்டு, அதன் மேல் இரண்டு பம்புகள். ஒரு ஆள் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருந்தால் கீழே இருப்பவனுக்குக் காற்று போகும். காம்பரா முழுக்க ரப்பர் நாற்றம். குழம்பில்கூட அந்த வாடை அடித்தது. கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. கடைசியில் ஆற்றில் இறங்கிக் கால் மணி நேரம் அடியில் இருந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மேலே வந்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செய்தாயிற்று. இனி இதை வாங்க ஆள் வேண்டும். ஆட்களைத் தண்ணீரில் இறக்கும் ஒரு முதலாளி வாங்கினால் பத்து முதலாளி வாங்குவார்கள், அப்புறம் எவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. முதலில் கடல் பக்கம் கொண்டுபோய்ச் சங்கு குளிக்கிறவர்களிடம் காட்ட நினைத்தார். அது சண்டைக் காலம். இரத்தினபுரிக்குப் போகும் வழியிலேயே ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, முகமூடி இருந்த சாக்கைப் பிரித்துவிட்டார்கள். இவர் தமிழைவிடச் சிங்களம் நன்றாகப் பேசுவார். றோட்டிலேயே முகமூடியை மாட்டிக் காட்டியதும் காவலுக்கு நின்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவர்களுக்குப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீ தமிழன். இதைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போனால் புலி என்று பிடித்துவிடுவார்கள், வீடு திரும்பமாட்டாய்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கடல் அதோடு முடிந்தது. மிச்சம் இருந்தது ஆறுதான்.

ஆற்றங்கரையில் கல் தேடுகிற இடமெல்லாம் ஏறி இறங்கினார். யாரும் வாங்கவில்லை. இறங்கிக் காட்டக்கூட விடவில்லை. முகமூடியில் குறையா, ஆளிடம் குறையா என்று எங்களுக்குப் புரியவில்லை. ஐந்தாறு மாதம் கழித்துச் சந்திக் கடைக்காரர்தான் எனக்கு உடைத்துச் சொன்னார். அவர் சிங்களவர், முன்பு கல் தோண்டியவர்.

"அக்கா, அந்த சாமான் நல்லது. ஐயா பேசுறதுதான் சரியில்ல. போன உடனே 'என் தம்பி இந்த ஆத்துல செத்துட்டான்'னு சொல்றாராம். கல் தேடுற எடத்துல அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. கல் ஓடிப்போயிரும். அன்னிக்கு வேலையைப் போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் ஆட்களுக்கு இழவில்தான் பேச்சே தொடங்கும். புதிதாக ஒருவரைப் பார்த்தால், யார் வீட்டுச் சாவில் சந்தித்தோம் என்று கேட்டுத்தான் உறவே பிடிப்போம். கல் தேடுகிற இடத்தில் சாவு என்ற சொல்லையே உச்சரிக்கமாட்டார்கள் என்றும், இழவு வீட்டுக்காரனைக் கிட்டவே சேர்க்கமாட்டார்கள் என்றும் இவருக்குத் தெரியாது. தம்பியும் கல் தேடுகிறவர்களின் இந்த வழக்கத்தை ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. அவன் செத்த சேதியைத்தான் இந்த மனிதர் சாமானுக்கு விளம்பரமாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்த இவரிடம் அதைச் சொன்னேன்.

"அவனைச் சொல்லாம இத எப்படிப் புள்ள காட்றது? எதுக்குச் செஞ்சேன்னு கேப்பாங்கல்ல?"

"எவனும் கேக்கமாட்டான். காத்து வருதான்னுதான் கேப்பான்."

"கேட்டா?"

"கேட்டா தம்பியே இல்லைன்னு சொல்லிருங்க. ஒத்தப் புள்ளைன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு நானே முதலாளி மாதிரி சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலை மெல்லுகிற மாதிரி வாயைக் குதப்பி, "ஒனக்குத் தம்பி இருக்கானா?" என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மூன்றாம் தடவை, "இல்லைங்க" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறீர்களே என்று சிரித்தேன். எனக்கு அந்தப் பொருள் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அது போனால் துக்கமும் கூடவே போய்விடும் என்று நினைத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

ஓப்பநாயக்கவுக்கு அந்தப் பக்கம், எங்களை அறியாத ஒரு முதலாளி இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். துணைக்கு நானும் போனேன். பொம்பளை கிட்ட வந்தாலும் கல் ஓடிவிடுமாம். என்னை மெயின் றோட்டில் பஸ் நிற்கும் இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். உச்சி வெயில் இறங்கும் வரை நின்றேன். வெறும் தோளோடு ஏறி வந்தார்.

"வித்துட்டீங்களா?" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பஸ் பெல்மதுளையைத் தாண்டியது. அப்புறம் தானாகவே சொன்னார். முதலாளியின் ஆள் ஒருவன் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கி, அடியில் உட்கார்ந்து கூடையை நிரப்பியிருக்கிறான். எல்லோருக்கும் சந்தோஷம். முதலாளி மட்டும் இவரை ஏற இறங்கப் பார்த்து, "தம்பியைத் தண்ணீருக்குக் கொடுத்த தோட்டத்து ஃபிட்டர் ஒருவன் இப்படிச் சுற்றுகிறானாம், அது நீயா?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தம்பியே இல்ல மொதலாளின்னு சொன்னேன் புள்ள. மூணு தடவ கேட்டாரு. மூணு தடவையும் சொன்னேன்."

நான் சொல்லிக்கொடுத்த அதே சொல். நான் அவரைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொருள் நன்றாகவே ஓடியது. இன்னும் நாலு வேண்டும் என்று அந்த முதலாளி ஆள் அனுப்பினார். ஒன்றரை வருடம் இவர் ஏங்கிக் கிடந்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான். இவரோ, ரப்பர் பால் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு! அச்சைக் கொண்டுபோய் ஃபேக்டரி அடுப்பில் போட்டுவிட்டார். அந்த முகமூடியோடு இறங்கிய எவனுக்கும் ஒரு குறையும் வரவில்லையாம் என்று கடைக்காரர் சொன்னதை நான் வந்து சொன்னபோது, "நல்லது" என்றார்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அவனுக்குப் படையல் வைத்தோம். கருவாட்டுக் குழம்பு, முட்டை, அவன் கேட்டுக் கேட்டுத் தின்கிற மரவள்ளிக்கிழங்கு எல்லாம் இலையில் வைத்தேன். சூடம் ஏற்றியதும், வீட்டுக்கு மூத்தவர் இறந்தவரை வாய்விட்டுப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடவேண்டும். அது எங்கள் வழக்கம். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சூடம் பாதிக்குமேல் எரிந்துவிட்டது.

"நீ கூப்புடு புள்ள" என்றார். "இல்லைன்னு சொன்ன வாயி. நான் கூப்புட்டா வரமாட்டான்."

நான் கூப்பிட்டேன். அடுத்த வருடமும் நான்தான் கூப்பிட்டேன். அவர் இலைக்கு முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டார். நான் கூப்பிட்டு முடிக்கும் வரை வெளியே, வாசலுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, உள்ளே வருகிற ஆளுக்கு வழி விட்டு நிற்பார்.