மலர்க்கொடியின் நாற்பது கேள்விகள்

மலர்க்கொடி வகுப்புக்குள் வந்ததும் முதலில் ஆசிரியரைத்தான் வெளியே அனுப்புகிறார். "சார், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அரை மணி நேரம் புள்ளைங்க என் பொறுப்பு." ஆசிரியர் வாசலில் தயங்கினால், அவர் வராண்டாவின் கோடிக்குப் போகும்வரை மலர்க்கொடி கேள்வித்தாளைக் கொடுக்க மாட்டார்.

இன்று நான் அவரோடு வந்திருப்பது சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. சுவரில் பெரிய ஸ்மார்ட் போர்டு. மேசைமேல் சீவிய பென்சில்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை. "பேனான்னா அடிக்கப் பயப்படுவாங்க. பென்சில்னா மனசு மாறுனா அழிச்சுக்கலாம்."

வயது முப்பத்தாறு. வலங்கைமான் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பத்தில் புள்ளியியல் முதுகலை படித்த முதல் ஆள். வேலை, தஞ்சாவூரில் ஒரு கல்வி ஆய்வு மையத்தில். கணினியும் திரையும் வந்துவிட்ட வகுப்பறையை மாணவர்கள் எப்படி உணர்கிறார்கள் என்று நான்கு நாடுகளில் ஒரே கேள்வித்தாளை வைத்து அளக்கிறார்கள். நாற்பது கேள்விகள். 'ஒருபோதும் இல்லை' என்றால் ஒன்று, 'எப்போதும்' என்றால் ஐந்து. டெல்டா மாவட்டங்களின் தாள்களெல்லாம் மலர்க்கொடியின் பையில்தான் பயணம் செய்கின்றன. பஸ்ஸில் அது மடியைவிட்டு இறங்காது. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால், "பரீட்சைத் தாள் இல்லைங்க" என்று முந்திக்கொள்வார்.

போன வருடம் கோடியக்கரைப் பக்கம், மீனவர் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு தாள்களிலும் எல்லாமே ஐந்து. நான்கு நாடுகளில் எங்குமே அப்படியொரு சராசரி இல்லை. மையத்தின் தலைவர் ஜெயபாலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மலர்க்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரே வீட்டு அக்கா தங்கச்சிகிட்ட கேட்டாலே ஒரே பதில் வராது. முப்பத்திரண்டு பேருக்கும் எப்படிங்க?" மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

பள்ளி வாசலில் பூமிகா என்ற மாணவி விஷயத்தை உடைத்தாள். "கம்மியா போட்டா ஸ்மார்ட் போர்டைக் கழட்டிட்டுப் போயிடுவாங்கன்னு கிளாஸ்ல பேசிக்கிட்டாங்க மிஸ்."

"சரி, 'ஆசிரியரைக் கேள்வி கேட்பேன்'னு ஒண்ணு இருந்துச்சே?"

"டீச்சரையே கேள்வி கேக்குறதா? திமிருன்னுல்ல நெனைப்பாங்க! இருந்தாலும் போர்டு போயிடக் கூடாதேன்னு அதுக்கும் அஞ்சுதான் போட்டேன்."

திரும்பியதும் நேராக ஜெயபாலின் அறைக்குப் போனார். "சார், அந்த முப்பத்திரண்டு தாளையும் எடுத்துடுங்க."

"நல்லாத்தானேம்மா வந்திருக்கு? அடுத்த வாரம் அறிக்கை போகணும்."

"புள்ளைங்க பயந்து போட்டது சார். பயத்துக்குப் போயி சராசரி எடுத்து வச்சிருக்கோம்."

மலர்க்கொடியின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்பது இருவருக்கும் தெரியும். ஜெயபால் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தார். "போயி மறுபடி எழுதி வாங்கிட்டு வா. அஞ்சு நாள்தான்" என்றார்.

இந்த முறை தலைமையாசிரியை எல்லையம்மாளை வகுப்புக்கே கூட்டிவந்து, போர்டு எங்கும் போகாது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார். 'கேள்வி கேட்பேன்' என்பதை 'புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்வேன்' என்று மாற்றினார். தமிழ்த் தாளில் இன்றைக்கும் அந்த வரிதான் இருக்கிறது.

சராசரி சரிந்தது. 'நான் திரையைத் தொட்டுப் பயன்படுத்துகிறேன்' என்ற வரிக்கு இருபத்தொன்பது பேர் ஒன்று போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு எல்லையம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த வாரமே, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, பிள்ளைகளை வரிசைப்படி போர்டில் எழுதவிட்டார். அறிக்கை பத்து நாள் தாமதமாகப் போனது. ஒப்பந்தமும் நீண்டது.

"வேலை போயிடும்னு பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா பொய்னு தெரிஞ்ச நம்பரை நானே டைப் அடிச்சு அனுப்புறதா?"

இப்போது சுவாமிமலை வகுப்பில் பதினேழாவது கேள்வி. முதல் பெஞ்சில் ஆஷிகா என்ற பெண்ணின் பென்சில் தாளுக்கு மேலேயே நிற்கிறது. எந்த எண் போட்டால் இவருக்குப் பிடிக்கும் என்று தேடுவதுபோல் அவள் மலர்க்கொடியின் முகத்தைப் பார்க்கிறாள்.

மலர்க்கொடி சுவர்ப்பக்கம் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.