பார்சல் மேல் ஒரு கரித்துண்டு

சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் மாலில் மூன்று தளங்களையும் சுற்றிவிட்டோம். என் மகள் நாலு கடையில் செருப்பைப் போட்டுப் பார்த்து, நாலையும் திருப்பி வைத்தாள். பசித்ததும் சாப்பிட மேல்தளத்துக்குப் போனோம். கோழி சுடும் கடையிலிருந்து அடுப்புக்கரி வாசனை வந்தது. எனக்குப் புதுச்சத்திரத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா லாரி ஓட்டினார். அவர் வடக்கே லோடு ஏற்றிப் போகும் நாளில் அம்மா கோழிக் குழம்பு வைப்பாள். தூக்குப்போசியில் கறிச்சோறு போட்டு, மூடிமேல் ஒரு கரித்துண்டை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவாள். கறி வாசனைக்குக் காத்துக் கருப்பு பின்னாலேயே வரும், கரி இருந்தால் அண்டாது என்பது அவள் நம்பிக்கை.

"நான் ஓட்டுற வேகத்துக்கு எந்தப் பேய் பின்னால ஓடியாரும்?" என்று அப்பா சிரிப்பார்.

"பேசாம எடுத்துட்டுப் போங்க," என்பாள்.

திரும்பி வந்ததும், "உன்ற கரிய ஓமலூர் தாண்டறதுக்குள்ள வீசிட்டேன்," என்று சீண்டுவார். அம்மா இரண்டு நாளைக்கு அவரோடு பேசமாட்டாள்.

அம்மா போன தை மாதம் இறந்துபோனாள். அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அவருக்கும் ஒரு பார்சல் சொல்லிவிட்டுப் போன் செய்தேன்.

"கோழி வாங்கிட்டு வாரேங்கப்பா."

"வா சாமி. மேல ஒரு கரித்துண்டு வெச்சு எடுத்துட்டு வா."

சிரிக்கிறாரோ என்று காது கொடுத்துக் கேட்டேன். சிரிக்கவில்லை.

கடைக்காரரிடம் ஒரு துண்டு கரி கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

"சூடு ஆறுனதாப் பாத்துத் தாரேனுங்க," என்றார்.