கால் வைத்த வீட்டின் அடியில்

என் வீட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் தரையை ஒரு மிதி மிதித்துப் பார்க்கிறார்கள். டம்மென்று சத்தம் கேட்டதும் முகம் மாறுகிறது. கும்மிடிப்பூண்டியில் தரை என்றால் மண், இல்லையென்றால் சிமெண்டு. என்னுடையது பலகை. புதிதாக வந்த தொழிற்பேட்டையில் மூட்டை தூக்குகிறேன். அங்கே இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளை வாங்கிப் பிரித்து, மூன்றடிக் கால்கள் நட்டு, அவற்றின் மேல் அடித்தேன். பலகைகளில் இங்கிலீஷ் எழுத்துகள் தலைகீழாகக் கிடக்கின்றன. ஐந்தாவதோடு நின்றவன், என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது.

பர்மாவில், பெகுவுக்குப் பக்கத்தில், எங்கள் வீடும் கால்களின் மேல்தான் நின்றது. அங்கே எல்லா வீடும் அப்படித்தான். மாதக்கணக்கில் மழை பெய்தாலும் அடியில் தண்ணீரும் ஓடும், காற்றும் ஓடும். மேலே பாய் காய்ந்திருக்கும். வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று ஒருநாளும் யோசித்ததில்லை. பிறகு பர்மா அரசாங்கத்தார் எங்கள் கடையைப் பிடுங்கிக்கொண்டு கப்பலேற்றினார்கள். தாய்நாட்டுக்குப் போ என்றார்கள். வந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் வீடு கட்டினேன்.

பக்கத்து வீட்டு முனுசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"இன்னா நைனா, ஊட்டுக்குக் கால் வெச்சிக்கீறே? ஒருநா நடந்துக்கினே பர்மாவுக்குப் பூடும் போலக்கீதே!"

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் என் மகள் மல்லிகாவைப் பெண் பார்க்க ஊத்துக்கோட்டையிலிருந்து வந்தவர்கள் அதையே சிரிக்காமல் சொன்னார்கள்: "கால் வெச்ச ஊட்ல எப்டி பொண்ணு எடுக்கறது? நாளைக்கி நீங்க எங்க இருப்பீங்களோ."

அடுத்த வாரமே தரைக்குக் கீழே சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி, ஒரு துளைகூட விடாமல் பூசினேன். "இப்பதான் ஊடு மாதிரி கீது" என்றார் முனுசாமி.

ஐப்பசி மழைநீர் சுவருக்கு அடியில் ஊறி உள்ளே வந்தது. வெளியே போக அதற்கு வழியில்லை. பாய் நமுத்தது, அரிசி கட்டி தட்டியது. தரையில் படுக்கும் என் மனைவி செல்லம்மாவுக்கு இளைப்பு வந்தது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்டுல தரை ஓதமா?" என்று கேட்டார். "இல்லீங்க, பலகைத் தரை" என்றேன். அதற்குமேல் விளக்க வெட்கம். மாத்திரை கொடுத்து அனுப்பினார். தை மாதம் முழுக்க அவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

மாசியில் என் காலடியில் ஒரு பலகை அமுங்கியது. பெயர்த்துப் பார்த்தேன். அடிப்பக்கமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. கீழே இன்னும் தண்ணீர், வெயிலே படாத நாற்றம். அந்தக் காற்றைத்தான் நான்கு மாதமாக அவள் மூச்சாக இழுத்திருக்கிறாள். நான் கட்டிய சுவர்.

சுவரில் காற்று வரும் கடல் பக்கம் நான்கு, எதிர்ப்பக்கம் நான்கு செங்கற்களைப் பெயர்த்தேன். பாம்பு புகாமல் கம்பி வலை அடித்தேன். தண்ணீரை இறைத்து, தொழிற்பேட்டை பாய்லர் சாம்பலைக் கொட்டி, உள்ளே மண்ணை மேடாக்கினேன். மழை நாளில் துளைகளைச் சாக்கால் அடைப்பேன், வெயில் வந்ததும் திறப்பேன். பர்மாவில் இன்னும் கப்பலுக்குக் காத்திருக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால், இங்கே வந்து வீட்டின் அடியை அடைக்காதீர்கள். அடைத்தே ஆகவேண்டுமென்றால் எதிரெதிராக வழி விடுங்கள். பங்குனியில்தான் செல்லம்மா படுத்துத் தூங்கினாள். இருமல் மட்டும் முழுதாகப் போகவில்லை.

மல்லிகாவுக்கு இன்னும் இடம் அமையவில்லை. அதனால் அந்த எட்டுச் செங்கற்களையும் நான் எறியவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் காலையிலேயே துளைகளில் செருகிவிடுகிறேன். போன வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து ஒரு மிதி மிதித்தார்.

"இன்னாது, அடியில காலியா கீதா?"

"இல்லம்மா, மண்ணு கொட்டி ரொப்பிக்கீது." இந்த ஊர்ப் பேச்சிலேயே பொய் சொன்னேன்.

அவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை செல்லம்மா சமையலறையில் முந்தானையால் வாயைப் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள். பஸ் ஏறிவிட்டார்களா என்று மல்லிகா தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"போயிட்டாங்கப்பா. எடுங்க."

நான் குனிந்து, கடல் பக்கத்துச் செங்கலை முதலில் உருவினேன்.