மாமா குறை சொன்ன வண்டி

எங்கள் வீட்டில் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், வண்டி ஒன்றுதான். ஒருவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. மற்றவர் அம்மாவின் தம்பி, மலாயாவின் ஈப்போவிலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கிவிட்ட மாமா. இருவருக்கும் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சீனரின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. முதலாளியைத் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அறுபதுகளின் தொடக்கம் அது. அந்த வருடப் பந்தயத்துக்கு அவர் ஒரு வண்டியைத் தயார் செய்திருந்தார். இருவரும் ஓட்டிப் பழகட்டும், யார் வேகமோ அவருக்குத்தான் வண்டி என்று சொல்லிவிட்டார். அதோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று.

சித்தப்பா வண்டியைத் தனக்கேற்ப மாற்றுகிறவர். ஹேண்டில் பாரை இறக்குவார், மறுநாள் ஏற்றுவார். சீட்டில் பஞ்சு கூட்டுவார், குறைப்பார். அப்படியும் வண்டி அவருக்கு ஒத்துவரவில்லை. மழை பெய்தால் டயர் சரியில்லை, வெயில் அடித்தால் கார்புரேட்டர் சரியில்லை. மாமா எதையும் தொடமாட்டார். சித்தப்பா எப்படித் திருகி வைத்தாரோ அப்படியே ஏறி உட்கார்ந்து, வண்டிக்குத் தகுந்தபடி தன்னை மடக்கிக்கொள்வார். வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். மாமா வலது பக்கம் சாய்ந்து ஓட்டினார். ஒரே மாதத்தில் தெருவில் நடக்கும்போதும் சோறு தின்னும்போதும் வலது பக்கம் சாய ஆரம்பித்துவிட்டார். கழுத்துச் சுளுக்கா என்று அக்கம்பக்கத்தார் விசாரித்தார்கள்.

தவுக்கேயின் கடிகாரத்தில் மாமாதான் எப்போதும் ஒரு மயிரிழை முந்துவார்.

"நான் செட் பண்ணி வச்ச வண்டி. வேகமா வராம என்ன செய்யும்?" என்பார் சித்தப்பா.

வீட்டை ஆண்டது அத்தை, அப்பாவின் அக்கா. மோட்டார் சைக்கிளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குச் சக்கரம் இரண்டு என்பது மட்டும். ஆனாலும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"என் தம்பி வண்டிய ஓட்டுறான். உன் தம்பிய வண்டி ஓட்டுது."

அம்மா மிளகாய் அரைத்தாள்.

"நம்ம சோத்தத் தின்னுட்டு நம்ம பையனையே முந்துனா, அப்புறம் இந்த வீட்ல யாரு எங்க இருக்கணும்னு பேச வேண்டி வரும்" என்று அம்மியைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள் அத்தை.

முதலாளி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முந்தின மாலை, பின்பக்கக் குழாயடியில் அம்மா மாமாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். "நான் இந்த வீட்லதான்டா இருக்கணும்" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. அம்மா எங்கேயாவது போகப்போகிறாளோ என்று எனக்குப் பகீரென்றது. மாமா தலையாட்டினார். சரி, போகவில்லை என்று நான் நொண்டி ஆடப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லாரியில் தெம்பனிஸ் ரோட்டுக்குப் போனோம். அப்போது அங்கே தென்னையும் மணல் குவாரியும் வளைவு வளைவான ரோடும்தான். அத்தை பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தாள். சித்தப்பாவுக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, இரண்டு சக்கரத்துக்கும் பழம் வைத்தாள். மாமாவின் முறை வந்தபோது பழம் தீர்ந்துவிட்டது என்றாள். பை இன்னும் புடைத்துக்கொண்டிருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது.

சித்தப்பா நன்றாகவே ஓட்டினார். மாமா அவரைவிட வேகமாகத்தான் கிளம்பினார். திரும்பி வரும் கடைசி வளைவு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. எப்போதும் டேங்க் மேல் ஒட்டிக் கிடப்பவர், அந்த வளைவில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்போல வந்து சேர்ந்தார்.

"வண்டி சரியில்ல தவுக்கே. இழுவையே இல்ல."

தவுக்கே தமிழர் நிறைந்த சிராங்கூன் ரோட்டில் பிறந்து வளர்ந்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார், கடைசியில் ஒரு 'லா' மட்டும் ஒட்டும். தானே ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு லா."

மாமா நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தவுக்கே அதற்கு மேல் கேட்கவில்லை. வண்டி சித்தப்பாவுக்கு என்று முடிவாயிற்று. சித்தப்பா முதல் தடவையாக அதைத் தட்டிக்கொடுத்து, "என்னா வண்டி!" என்றார்.

பந்தயத்தன்று இரண்டாவது சுற்றிலேயே சித்தப்பா வண்டியோடு சாக்கடையில் இறங்கினார். அடி ஒன்றுமில்லை. டயர் சரியில்லையாம்.

ஆனால் எனக்கு மறக்காதது, வண்டி யாருக்கென்று முடிவான அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடுதான். எங்கள் வீட்டில் வறுத்த மீனின் நடுத்துண்டு அப்பாவுக்கு, இல்லையென்றால் சித்தப்பாவுக்கு. அன்று அம்மா அதை மாமாவின் தட்டில் வைத்தாள். வெற்றிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அத்தை கவனிக்கவில்லை.

"தோத்தவங்களுக்கு ஏம்மா பெரிய துண்டு?" என்று கேட்டேன்.

அம்மா ஒரு கவளம் சோற்றால் என் வாயை அடைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா தோற்றதைவிட, அவர் வலது பக்கம் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டே சாப்பிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு முன்னும் பின்னும் மாமா எந்த வண்டியையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அன்று மட்டும் அதற்கு அப்படி என்ன கோளாறு வந்தது என்று பல நாள் யோசித்தேன். ஒரு நாள் பட்டறைக்கே போய், யாரும் பார்க்காதபோது அதன் செயினைத் தொட்டுப் பார்த்தேன். கையெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம்.